ஆறு புள்ளி வைத்த கடிதம்

"நான் அண்டைக்கே சொன்னனான், போய்ச் சொல்லுவம் எண்டு. நீர்தான்…"

"மெல்லக் கதையுங்கோ! மனிசி மேலை நித்திரை…"

"நீர்தான் பனி கரையட்டும், கரையட்டும் எண்டு…"

"பிளேட்டை ஆர் பதிச்சுப் பிடிச்சது? நானோ? நானோ ஏறி இருந்தனான் மிசினிலை?"

"ஓ, இப்ப பிளேட்டிலை போடும் பழியை. கடிதம் பிளேட்டுக்கோ வந்திருக்கு? என்ரை பேருக்கு வந்திருக்கு."

"மெல்ல எண்டு சொல்லுறனெல்லே!"

குரலை அடக்கிக்கொண்டு சண்டை பிடிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கோபம் முழுக்கக் கைக்கு இறங்கிவிடும். செல்வரட்ணம் பனி தள்ளுகிற பிளேட்டை டிராக்டரில் கொழுவுகிற இரும்பு ஆணியைத் துளைக்குள் விடாமல் துளைக்குப் பக்கத்தில் இரண்டு தரம் குத்தினார். ராசமலர் உப்பு வாளியை நிலத்தில் வைத்த வேகத்தில் கால்வாசி உப்பு வெளியே கொட்டிப்போனது.

மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஆறு மணி. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தின் வடக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிர்கிட் என்கிற எண்பத்திரண்டு வயது டேனிஷ்காரியின் கொட்டிலுக்குள் புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். கொட்டில் பிர்கிட்டினுடையது. உள்ளே நின்ற செம்மஞ்சள் நிறச் சின்ன டிராக்டர் மட்டும்தான் இவர்களுடையது. இவர்கள் குடியிருப்பது இரண்டு கிலோமீற்றர் தள்ளி, ஒரு மாடிக்கட்டடத்தின் மூன்றாம் தட்டில். அங்கே சைக்கிள் வைக்கவே சண்டை.

இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து செல்வரட்ணத்தின் வலது தோள் போனது. வேலையும் போனது. பிறகு ஒரு வருஷம் அவர் மூன்றாம் தட்டு யன்னலடியில் இருந்து பஸ்ஸுகளை எண்ணினார். எத்தனை மணிக்கு எந்த பஸ் பிந்தியது என்று பின்னேரம் வேலையால் வருகிற ராசமலரிடம் ஒப்புவிப்பார். பிறகுதான் ரண்டர்ஸே மூடுண்டுபோன அந்தச் சனவரி வந்தது. கார்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் சனம் தடியால் குத்திப் பார்த்துக்கொண்டு திரிந்த நாட்களில், ஒற்றைக் கையால் பனி அள்ளுகிற சவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிர்கிட்டின் வாசலை வெளிச்சுக் கொடுத்தவர் இவர். வசந்தத்தில் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, எங்கே விடுவதென்று தெரியாமல் தெருவில் நின்றபோது, பிர்கிட் கொட்டிலின் திறப்பைக் கொண்டுவந்து கையில் வைத்தார். "என்ரை வாசலையும் வழிச்சு விடுங்கோ, அது காணும்" என்றார். இன்றைக்கு அந்த றோட்டில் பதினொரு வீடு இவர்களுடைய பொறுப்பு.

திறப்பைத் திருப்பித் தா என்று பிர்கிட் ஒரு சொல் சொன்னால் டிராக்டர் போகும். டிராக்டர் போனால் திரும்பவும் யன்னலடியும் பஸ் எண்ணுகிறதும்தான். அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று ராசமலருக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு பயம்.

"இன்னொருக்கா வாசியுங்கோ," என்றாள்.

"எத்தினை தரமப்பா வாசிக்கிறது? இரவு முழுக்க அதைத்தானே வாசிச்சனாங்கள்."

"வாசியுங்கோவன்."

செல்வரட்ணம் யக்கெற் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, போன் வெளிச்சத்தில் பிடித்தார். நேற்றுத் தபாலில் வந்தது. உறையில் இவருடைய பெயரும் விலாசமும் சரியாக இருந்தன. உள்ளே ஒரு வெள்ளைக் கடதாசி, எலி தின்றது மாதிரி இடையிடையே கத்தரிக்கோலால் ஓட்டை ஓட்டையாக வெட்டி. ஓட்டைகளுக்கு நடுவில் நாலு வரி. அடியில் பெயர் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் ஆறு புள்ளிகள். மடிப்புக்குள் நசிந்துபோன ஒரு சின்ன வெள்ளைப் பூ.

"‘பனிக்குள்ளாலை தலை நீட்டின வெள்ளைப் பூ உன்னைப் பாக்க வந்திருக்கு.’ பாட்டு மாதிரிக் கிடக்கு. ‘நான் ஆர் எண்டு சொல்லமாட்டன். என்ரை பேர் புள்ளிக்குள்ளை. எண்ணிப் பார்.’ பேந்து, ‘ஈஸ்டருக்கு முதல் என்னைக் கண்டுபிடி. இல்லாட்டில் முட்டை.’"

"முட்டை எண்டே கிடக்கு?"

"எக். எக் எண்டால் முட்டைதானே."

"என்ன முட்டை?"

"வாத்தியார் கொப்பியிலை போடுற முட்டை. பூச்சியம். உன்ரை வேலைக்கு நான் போடுற மாக்ஸ் இது எண்டு சொல்லுறான்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை. பூ, முட்டை, வெட்டின கடதாசி… செய்வினைச் சாமான் மாதிரி எல்லோ கிடக்கு."

"டென்மார்க்கிலை ஆரப்பா செய்வினை செய்யிறது? அதுக்கும் நகரசபைக் கொம்யூனிலை அனுமதி எடுக்கவேணும்."

ராசமலருக்குச் சிரிப்பு வந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தபடியால் அதை விழுங்கிக்கொண்டாள்.

பெயரில்லாத கடிதம் எதற்கு வரும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மொட்டைக் கடிதம் வந்தால் முற்றாக்கின கலியாணம் குழம்பும். வாத்தியாருக்கு மன்னாருக்கு மாற்றம் வரும். ராசமலரின் தமக்கைக்குப் பேசின முதல் சம்பந்தம் அப்படித்தான் போனது. எழுதினது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. தமக்கை அதை மறந்து பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். ராசமலருக்குத்தான் மறக்கவில்லை. சம்பந்தம் போனதை விட, யார் என்று தெரியாமலே போனது அவளுக்கு இன்னும் அரிக்கிற சங்கதி.

"புள்ளி ஆறு," என்றார் செல்வரட்ணம். "பிரேபன். விரலிலை எண்ணிப் பாரும். டேனிஷிலை ஆறெழுத்து. பக்கத்து வீட்டிலை இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருக்கிற ஆள்."

"பிர்கிட்டும் ஆறெழுத்துத்தான்."

அவர் எண்ணினார். முகம் சுருங்கியது.

"தமிழிலை எண்ணினால்?"

"தமிழிலை ரெண்டு பேரும் நாலு. விடுங்கோ. மிசினை எடுங்கோ, ஏழு மணிக்கு முதல் நடைபாதை எல்லாம் வெளிக்கவேணும்."

டிராக்டர் இருமி, உறுமி, வெளியே இறங்கியது. பிர்கிட்டின் யன்னலில் திரை மூடியே கிடந்தது.

மூன்று கிழமைக்கு முன்னால் நடந்தது இதுதான். ஒவ்வொரு நொவெம்பரிலும் செல்வரட்ணம் வீட்டு வாசல் பாதைகளின் கரையில் மூங்கில் தடிகள் நட்டு வைப்பார், பனி மூடினாலும் பாதை எது, புல் எது என்று தெரிவதற்காக. பிர்கிட் வீட்டில் ஒரு தடி காற்றுக்கு விழுந்துவிட்டது. நிலம் இன்னும் இறுகவில்லை, மேலே மட்டும் பனி. சரளைக்கல்லில் ஓடுகிறபோது பிளேட் கரகரவென்று சத்தம் போடும். அன்றைக்கு அந்தச் சத்தம் திடீரென்று நின்றது. நின்றதும் அவரும் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று மீற்றர் போன பிறகுதான் பார்த்தார். தள்ளின வெள்ளைப் பனிக்கு மேலே கறுத்த மண். மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்குகள்.

பின்னால் சவளோடு வந்த ராசமலர் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தாள். "மனிசி வெங்காயம் எல்லோ நட்டிருக்கிறா!" நகத்தால் கிள்ளி மணந்தாள். மணமே இல்லை. இணுவிலில் வெங்காயத் தறைக்குள் வளர்ந்தவளுக்கு அது போதும். இது வெங்காயம் இல்லை, ஏதோ பூக்கிழங்கு.

செல்வரட்ணம் அப்போதே கதவைத் தட்டப் போனவர். அவள்தான் யக்கெற்றில் பிடித்து இழுத்தாள். "பனி கரையட்டும். ஒரு நாளைக்கு வந்து, ஒருத்தருக்கும் தெரியாமல் நட்டுப்போட்டுப் போவம்." மண்ணைக் காலால் மட்டப்படுத்திவிட்டு, நாற்பது கிழங்கையும் பொறுக்கிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மண் போட்டுப் பல்கணியில் வைத்தாள். பனி இடையில் இரண்டு நாள் கரைந்தது. அந்த இரண்டு நாளும் பிர்கிட் சமையலறை யன்னலை விட்டு அசையவில்லை. கிழங்கு மட்டும் காத்திருக்கவில்லை. போன கிழமை, தலை குனிந்த வெள்ளைப் பூவாகப் பெட்டி நிறையப் பூத்துவிட்டது. நேற்றிரவு கடிதத்துக்குள் இருந்த பூவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அச்சொட்டாக அதே பூ.

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

றோட்டின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். செல்வரட்ணம் கராஜ் கதவடியில் பிளேட்டை இறக்கிப் பின்னுக்கு இழுப்பார். கதவை விட்டு இரண்டு மீற்றர் வந்ததும் திரும்பி, பிளேட்டைச் சரித்து, பனியை ஒரு பக்கமாக உருட்டிக்கொண்டு போவார். சரளைப் பாதை என்றால் ஒரு விரல் உயரம் தூக்கிப் பிடிப்பார். ஒரு வீட்டுப் பனியில் ஒரு கைப்பிடிகூட அடுத்த வளவுக்குள் விழ விடமாட்டார். மற்றவர்கள் ஏன் இந்த மனிதன் இவ்வளவு சுற்றிச் சுற்றித் திருப்புகிறான் என்று பார்ப்பார்கள். எல்லை வேலிக் கதியாலுக்காகக் கோடேறி வழக்காடின ஊர்க்காரர் என்று அவர்களுக்கு யார் சொல்வது? படிகளும் தபால் பெட்டியடியும் ராசமலரின் பங்கு. பிளேட் போகாத இடத்துக்கு சவள் போகும். சவள் போன இடத்துக்கு உப்பு போகும். கிழமை நாளில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோண்டரியில் ஈரத் துணிப் பொதி தூக்குகிற கைக்கு இது ஒரு பாரமில்லை.

டிராக்டர் மூடியின் மேல், இன்ஜின் சூட்டில், வெள்ளிக் கடதாசியில் சுற்றின ரொட்டியும் கட்டைச்சம்பலும் சூடேறிக்கொண்டிருந்தன. மூன்றாவது வீட்டு வாசலில் நின்று ஆளுக்கொரு ரொட்டி தின்றார்கள். கிழக்கே வயல் பக்கம் நீலமாக வெளிக்கத் தொடங்கியது.

நாலாம் இலக்கத்து ஹன்ன யன்னலுக்குள்ளிருந்து கையசைத்தாள்.

"ஏன் உவ இண்டைக்கு இவ்வளவு சிரிக்கிறா?" என்றாள் ராசமலர்.

"ஐஞ்செழுத்து. விடும்."

"ஐஞ்செழுத்துக்காரி ஆறு புள்ளி போடமாட்டாவோ, எங்களைப் பேய்க்காட்ட?"

"மலர், உமக்கு இந்தக் கிழமை லோண்டரியிலை வேலை காணாது போல."

அவளுக்குப் பயம் ஒரு பக்கம் இருக்க, ஆளைப் பிடிக்கிற ஆசை மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தபால் பெட்டியிலும் பெயரைப் பனி துடைத்து வாசித்தாள். எழுத்தை எண்ணினாள். பதினொரு வீட்டில் ஆறெழுத்து இரண்டே இரண்டுதான்.

பன்னிரண்டாம் இலக்கத்தில் பிரேபன் மரச்சப்பாத்தோடு வாசலில் நின்றார். எழுபத்தைந்து வயது, மீசை, எப்போதும் ஒரு முறைப்பு. டேனிஷில் எல்லோருக்கும் ஒரே ‘டு’தான். ராசமலரின் காதில் விழுகிறபோது அது பிர்கிட் வாயிலிருந்து ‘நீங்கள்’ ஆகவும், பிரேபன் வாயிலிருந்து ‘நீ’ ஆகவும் மாறிவிடும்.

செல்வரட்ணம் இன்ஜினை நிறுத்திக் காலை வணக்கம் சொன்னார்.

"கொமோன், பிரேபன். நீங்கள் கடிதம் எழுதிறனீங்களோ?"

"ஆருக்கு?"

"பொதுவாய். ஆக்களுக்கு."

"கொம்யூனுக்கு எழுதுவன். மனிசி செத்தாப்பிறகு வேறை ஒருத்தருக்கும் எழுதேல்லை. ஏன்?"

"சும்மா."

"சும்மா எண்டு ஒருத்தன் விடியக்காலமை இன்ஜினை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கமாட்டான். ஆர் உனக்கு எழுதினது?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் எழுதாத கடிதத்துக்கோ என்னட்டை விசாரணை?"

செல்வரட்ணம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ராசமலர் இடையில் விழுந்தாள். அவளுடைய கண் கராஜ் ஓரத்தில் இருந்த இரண்டு மரப்பெட்டிகளில் நின்றது. பெட்டிகளுக்குள் கோழிகள். ஐந்து மண்ணிறப் பேடுகள், பிரேபன் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கோழிகள்.

"ஏன் கோழியளைப் பெட்டியிலை அடைச்சிருக்கிறியள்?"

"பழகட்டும் எண்டு. திங்கட்கிழமை ஹொப்ரோவிலை இருந்து ஒருத்தன் வந்து கொண்டுபோறான்."

"ஏன்? நல்லா முட்டை போடுறது எல்லோ?"

"அதை உன்ரை சிநேகிதியிட்டைக் கேள்." தாடையால் பிர்கிட் வீட்டைக் காட்டினார். "இருபது வருசம் வேலிக்கு மேலாலை கதைச்ச மனிசி. ரண்டு கிழமையாய் என்ரை முகத்தைப் பாக்கிறாவில்லை. எனக்கு உந்த வயசிலை கோழிக்காகச் சண்டை பிடிக்கேலாது. நீ கடிதத்தைப் பற்றி எல்லோ கேட்டனீ? போ, என்ரை பாதையை வழி."

பாதையை வழித்து முடித்ததும் செல்வரட்ணம் டிராக்டரை றோட்டில் நிறுத்திக் குனிந்து சொன்னார்: "இந்த மனிசன் இல்லை. முகத்திலை ஒண்டும் இல்லை. அப்ப மிச்சம் ஒராள்தான்."

"பிர்கிட் முகத்துக்கு நேரை சொல்லுற மனிசி. புள்ளி வைச்சு ஏன் எழுதுவா?"

"ஆர் எழுதினாலும் பரவாயில்லை. நான் போய்ச் சொல்லப்போறன். என்னாலை ஏலாது மலர். அந்த மனிசின்ரை கொட்டிலைத் திறக்கேக்கை எல்லாம் எனக்குக் கை கூசுது."

"பொறுங்கோ…"

"மூண்டு கிழமை பொறுத்தனான். நீர் முன் வீட்டுப் படியைப் பாரும்."

டிராக்டர் பதினாலாம் இலக்கத்துக்குள் திரும்பியது. பிளேட்டைக்கூட இறக்காமல் அவர் நேரே கதவடிக்குப் போவதை ராசமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சவளைத் தூக்கிக்கொண்டு முன் வீட்டுக்கு நடந்தாள்.

முன் வீடு கஜந்தியினுடையது. புருஷன் குலேந்திரன் பஸ் ஓட்டுகிறவன். இரவு வேலை முடிந்து இப்போதுதான் படுத்திருப்பான். இந்த றோட்டில் இருக்கிற ஒரே தமிழ் வீடு. நேற்றிரவு செல்வரட்ணம், "கஜந்தியிட்டைக் காட்டி வாசிப்பிப்பமே, அவள் இஞ்சை படிச்ச பிள்ளை" என்றபோது ராசமலர்தான் மறித்தாள். கஜந்திக்குக் காட்டினால் மத்தியானம் ஹோர்சன்ஸுக்குக் கதை போகும், பின்னேரம் ஒடென்சே போய்ச் சேரும்.

இப்போது கடிதம் ராசமலரின் கையில்தான் இருந்தது. கொட்டிலில் வாசித்து முடித்ததும் அவளே வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி வழித்தாள். மூன்றாவது படியில் சவளைச் சுவரில் சாத்திவிட்டு மணியை அழுத்தினாள்.

"என்ன மலரக்கா, உள்ளுக்கு வாங்கோ, குளிருக்கை நிக்காமல்."

"இல்லைப் பிள்ளை, ஒரு கடிதம். எனக்கில்லை. லோண்டரியிலை வேலை செய்யிற ஒரு பிள்ளைக்கு வந்தது. அவளுக்குப் பயமாய்க் கிடக்காம். ஒருக்கா வாசிச்சு…"

கஜந்தி கடிதத்தை விரித்தாள். ஓட்டைகளுக்குள்ளால் அவளுடைய கண் தெரிந்தது. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி?"

"அக்கா, இது கெக்கபிரேவ்!"

"அப்பிடியெண்டால்?"

"இஞ்சை பாருங்கோ, இஞ்சை வாங்கோ." சப்பாத்தோடேயே இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். குளிர்ப்பெட்டிக் கதவில், காந்தம் வைத்து ஒட்டி, மூன்று வெள்ளைக் கடதாசிகள். மூன்றும் ஓட்டை ஓட்டையாக வெட்டினவை. மூன்றின் அடியிலும் புள்ளிகள். "ஈஸ்டருக்கு முதல் சின்னப்பிள்ளையள் அனுப்பிற விளையாட்டுக் கடிதம். பேர் போடக்கூடாது, எழுத்துக்கு ஒரு புள்ளி. இந்தப் பூவையும் வைக்கவேணும். ஆர் எண்டு கண்டுபிடிச்சால் அனுப்பின ஆள் ஒரு ஈஸ்டர் முட்டை தரவேணும். கண்டுபிடியாட்டில் நாங்கள் குடுக்கவேணும். கெக் எண்டால் பேய்க்காட்டுறது எல்லோ? பேய்க்காட்டுற கடிதம்!"

உள்ளே இருந்து அவளுடைய மகள் ஷரோன் டேனிஷில், ஆர் வந்திருக்கிறது, ஆருக்குக் கெக்கபிரேவ் வந்தது என்று கத்தினாள்.

"பள்ளிக்கூடத்திலை எல்லாப் பிள்ளையளும் வெட்டுறவை. வருசா வருசம் வந்து குவியும். முப்பது வருசத்திலை உங்களுக்கு ஒருக்காலும் வர…" என்று கஜந்தி தொடங்கி, நடுவில் விட்டுவிட்டாள். கை கடிதத்தை மடிக்கத் தொடங்கியது.

"பிள்ளைகுட்டி இல்லாத எங்களுக்கு ஆர் பிள்ளை அனுப்புறது?" என்றாள் ராசமலர். வருத்தமாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அவளுடைய மூளை வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டு. அப்படியென்றால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருத்தரும் எழுதவில்லை. இந்த மனிசன் இப்போது அங்கே போய்…

"மலரக்கா! சவளை விட்டிட்டுப் போறியள்!"

பின்னேரம் ஒடென்சேக்கும் இந்தக் கதை போகும் என்று தெரிந்தும் ராசமலர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பனிச் சப்பாத்தோடு, உழக்கி உழக்கி ஓடினாள். வழிக்காத பாதையில் டிராக்டர் சில்லுத் தடத்துக்குள் கால் வைத்து ஓடினாள். வாயைத் திறக்க முதல் பிடித்துவிட வேண்டும். கதவைத் தட்டிவிட்டு நின்றாலும் பரவாயில்லை, இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கதவு பூட்டியிருக்கவில்லை. குசினிக்குள் கோப்பி மணம். செல்வரட்ணம் மேசையடியில் இருந்தார், முழங்காலில் தொப்பி. உள்ளங்கையில், தங்கக் கடதாசி சுற்றின ஒரு சொக்கலேற் முட்டை. சோதனையில் பாஸ் பண்ணின பெடியன் மாதிரி ஒரு முகம்.

"ஒண்டும் தெரியாது இவவுக்கு," என்றார், சிரிப்பை மாற்றாமல், தமிழில், பல்லுக்குள்ளால். "விளையாட்டுக் கடிதமாம். பேசாமல் இரும்."

அவள் ஓடி வந்ததும் இதே சொல்லைச் சொல்லத்தான். அவர் முந்திவிட்டார்.

"வாங்கோ, இருங்கோ, இருங்கோ!" பிர்கிட் எழும்பி மூன்றாவது கோப்பையை வைத்தார். வயதான முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "உங்கடை மனிசன் கெட்டிக்காரன். நான் கதவைத் திறந்தன். செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிண்டு, ‘அந்தக் கடிதம் எழுதினது நீங்கள்’ எண்டார். அவ்வளவுதான். நான் சிரிச்ச சிரிப்பிலை அவர் பேந்து என்ன சொல்ல வந்தவரோ தெரியாது. ஒரே தரத்திலை கண்டுபிடிச்சிட்டார்!"

"ஆறு புள்ளி," என்றார் செல்வரட்ணம் டேனிஷில், பணிவாக.

"முந்தி என்ரை தங்கச்சியின்ரை பேரப்பிள்ளையளுக்கு அனுப்பிறனான். அவை வளர்ந்திட்டினம். இந்த வருசம் யோசிச்சன், இந்த றோட்டுக்கு வாற ஆக்களிலை ஆருக்கு ஒருத்தரும் அனுப்பாயினம் எண்டு. அப்ப உங்கடை நினைவு வந்தது. கை நடுங்குது, வடிவாய் வெட்ட வரேல்லை. பூவுக்குத்தான் நான் பட்ட பாடு!"

"என்ன பாடு?" கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்காமல் இருக்க ராசமலரால் முடியவில்லை.

"களவெடுத்தனான்." பிர்கிட் குரலைத் தாழ்த்தினார். "வேலிக்குள்ளாலை பூந்து, பிரேபன்ரை வளவிலை. என்ன செய்யிறது, என்ரை ஒண்டும் இந்த வருசம் வரேல்லை. ஒரு பூ இல்லை. பாதைக்கரையிலை நிலம் முழுக்கக் கிளறிக் கிடக்கு. பிரேபன்ரை கோழியள். ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் கிளறி எறிஞ்சு போட்டுதுகள். நான் வேலிக்கு மேலாலை நல்ல ஏச்சுக் குடுத்தன். கோழி பனிக்குள்ளை கால் வையாதாம், அவன் எனக்குச் சொல்லுறான்! இருபது வருசத்துப் பழக்கம், பொய் சொல்லுறான். ஒடென்சேயிலை இருக்கிற தங்கச்சி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, உன்ரை பூத்திட்டுதோ, உன்ரை பூத்திட்டுதோ எண்டு கேக்கிறாள். எனக்கு வெக்கம். பூத்திட்டுது எண்டு சொல்லிப்போட்டன். சீனி போடுறியளோ?"

ராசமலர் சீனிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

இணுவிலில் ஒரு பேட்டுக்கோழி மிளகாய்க் கன்று கிளறினதற்காக அவளுடைய ஐயாவும் பக்கத்து வளவு மாணிக்கரும் கதைக்காமல் விட்டது பதினொரு வருஷம். ஐயா செத்துப்போனபோது மாணிக்கர் படலையடி வரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். உண்மையில் கிளறினது எந்தக் கோழி என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கோழிகளைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் இப்போது இந்த மேசையடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரேபன் கோழியளைக் குடுக்கப் போறாராம்," என்றாள் டேனிஷில். "திங்கட்கிழமை."

பிர்கிட்டின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. "ஐஞ்சையுமோ?"

"ஐஞ்சையும்."

"நான் குடுக்கச் சொல்லேல்லையே." பிர்கிட் யன்னலால் வெளியே, வேலிப் பக்கம் பார்த்தார். "கூட்டுக்கை வைச்சிருக்கச் சொல்லித்தான் சொன்னனான்."

செல்வரட்ணம் முட்டையை யக்கெற் பைக்குள் வைத்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "நல்ல கோப்பி, பிர்கிட். அப்ப நாங்கள் வெளிக்கிடுவம், உங்கடை பாதை இன்னும் வழிக்கேல்லை." எழும்பி நின்றுகொண்டு ராசமலரைப் பார்த்தார். வா என்கிற பார்வை. கொட்டில் இருக்கு, திறப்பு இருக்கு, மிசின் இருக்கு, வா.

ராசமலர் எழும்பவில்லை. கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் தமிழில். "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

அவர் நின்ற இடத்தில் நின்றார். பிர்கிட் இவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இன்னுமொரு விளையாட்டு தொடங்குகிறது என்று நினைத்தவர் மாதிரி முகத்தில் பாதிச் சிரிப்பு வந்தது.

"என்ன, செல்வா? அவ என்ன கேட்டவ?"